கண்ணுக்குள் மச்சமும் விழித்திரையில் நீரும்: லேசர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் ஒரு கண் மருத்துவமனையின் ரெட்டினா (விழித்திரை) பிரிவில், கண்ணைப் பரிசோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்டாக வேலை பார்க்கிறேன். அல்சூர், ஸ்ரீராமபுரம், காக்ஸ் டவுன், ஓசூர், தங்கவயல் என்று பல இடங்களிலிருந்து வரும் தமிழ் நோயாளிகள் டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் என்னிடம் கேட்கிற கேள்விகள்தான் இவை. உங்கள் ஸ்கேனைப் பார்த்து டாக்டர் சொல்வதுதான் முடிவு. அதைப் புரிந்துகொண்டு போக இந்தப் பக்கம் உதவும்.

கண்ணுக்குள் மச்சமா? கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லையே?

தெரியாது. மச்சம் இருப்பது கண்ணின் பின்சுவரில். விழித்திரைக்கு அடியில் கோராய்டு என்று ரத்தக்குழாய்கள் நிறைந்த ஒரு படலம் உண்டு. தோலில் மச்சம் உண்டாக்கும் நிறமிச் செல்கள் அங்கேயும் இருக்கின்றன. அவை ஓரிடத்தில் கூடினால் சாம்பல் கலந்த பழுப்பில் ஒரு திட்டு. டாக்டர்கள் நீவஸ் என்பார்கள். பெரும்பாலானவை 5 மி.மீ.க்குக் குறைவான அகலம், 2 மி.மீ.க்குக் குறைவான தடிப்பு. கண்ணாடி மாற்றவோ சுகருக்கோ சோதிக்க வந்து, கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு போட்டுப் பார்க்கும்போது தற்செயலாக அகப்படும்.

மச்ச பலன் கேட்பவர்களும் உண்டு. காலண்டரில் போட்டிருக்கும் பலன்களில் இந்த இடம் இல்லை, நான் பொறுப்பல்ல.

மச்சம் இருந்தால் லேசர் போட்டே ஆக வேண்டுமா?

வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் செய்ய வேண்டியிருக்காது. படம் எடுத்து வைப்பார்கள், ஆறு மாதம் கழித்து ஒருமுறை ஒப்பிடுவார்கள், மாற்றமில்லை என்றால் அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை.

லேசர் என்ற பேச்சு வருவதே மச்சத்தால் அதன் மேலிருக்கும் விழித்திரைக்குத் தொந்தரவு வரும்போதுதான். லேசர் அந்தத் தொந்தரவுக்கான வைத்தியம். மச்சம் அப்படியே இருக்கும். "லேசரில் மச்சத்தை எடுத்துவிடுவார்களாமே" என்று யாராவது சொன்னால், அவர் முகத்து மச்சத்தைப் பற்றிப் பேசுகிறார்.

என்ன தொந்தரவு வரும்?

முக்கியமாக இரண்டு. ஒன்று, விழித்திரைக்கு அடியில் நீர் கோப்பது. விழித்திரைக்கும் கோராய்டுக்கும் நடுவே ஒற்றை அடுக்காகச் சில செல்கள் இருக்கின்றன. ரிப்போர்ட்டில் ஆர்பிஇ என்று எழுதியிருக்கும். அடியில் ஊறும் நீரை ஓயாமல் இறைத்து வெளியேற்றுவது அவற்றின் வேலைகளில் ஒன்று. நம் ஊர் அபார்ட்மெண்ட் கீழ்த்தளத்தில் ஊறும் தண்ணீரை ஒரு மோட்டார் இறைத்துக்கொண்டே இருக்குமே, அந்த மாதிரி. பல வருடம் மச்சத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் இந்தச் செல்கள் நலிந்தால் நீர் தேங்கி, விழித்திரை தூக்கப்படும்.

இரண்டாவது, புதிய ரத்தக்குழாய்கள் முளைப்பது. ரிப்போர்ட்டில் சிஎன்வி. இவை மெல்லிய, ஒழுகும் குழாய்கள். நீரும் கசியும், ரத்தமும் கசியும், கடைசியில் தழும்பாகும்.

பார்வை எவ்வளவு கெடும் என்பது இடத்தைப் பொறுத்தது. படிக்கவும் முகம் பார்க்கவும் உதவும் நடுப்பகுதிக்கு மாக்குலா என்று பெயர். அதற்கு அடியில் மச்சம் இருந்தால் சிறு நீர்க்கோப்பும் உடனே தெரியும்: நேர்கோடு வளையும், எழுத்து நெளியும், நடுவில் மங்கலாக ஒரு வட்டம். ஓரத்தில் இருந்தால் வருடக்கணக்கில் நீர் இருந்தும் தெரியாமல் போகலாம்.

தினத்தந்தி படிக்கும் ஒரு பெரியவர் தனக்கு வந்ததை இப்படிச் சொன்னார்: "எழுத்து தெரியுது, மேல இருக்கிற புள்ளி மட்டும் காணோம்." மெய்யெழுத்தின் புள்ளி மறைந்து 'க்' எல்லாம் 'க' ஆகியிருக்கிறது. எங்கள் சார்ட்டில் அவர் கடைசிக்கு முந்தைய வரி வரை படித்துவிட்டார். விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் நடுவில் மெல்லிய நீர்ப்படலம்.

நீர் இருந்தால் உடனே லேசர் வைத்து வற்ற வைக்க வேண்டியதுதானே? டாக்டர் ஏன் இன்னும் இரண்டு ஸ்கேன் கேட்கிறார்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

நீர் என்பது பார்வையைக் கெடுக்கும் தொந்தரவு மட்டுமல்ல, அது ஒரு தகவலும்கூட. பழைய, அசையாத மச்சமும் கசியலாம். வளரத் தொடங்கிய மச்சமும் கசியலாம். முதலாவதுக்கு லேசர் சரி. இரண்டாவது மெலனோமா என்ற புற்றுநோயின் ஆரம்பமாக இருக்கலாம். அங்கே போய் நீரை மட்டும் வற்ற வைத்தால் பார்வை தெளியும், எல்லோருக்கும் சந்தோஷம், அடியில் இருப்பது வளர்ந்துகொண்டிருக்கும்.

அதனால் லேசருக்கு முன் டாக்டர் பார்ப்பவை இவை. தடிப்பு 2 மி.மீ.யைத் தாண்டுகிறதா? பி-ஸ்கேன் என்ற அல்ட்ராசவுண்டில், மூடிய இமையின் மேல் ஜெல் தடவி அளப்பார்கள். உள்ளே எதிரொலி குறைந்து வெறுமையாகத் தெரிகிறதா? அகலம் 5 மி.மீ.க்கு மேலா? மேலே ஆரஞ்சு நிறப் பொடி படிந்திருக்கிறதா? அது லிப்போஃபுசின் என்ற செல் கழிவு, ஆட்டோஃப்ளோரசென்ஸ் படத்தில் பளிச்சென்று தெரியும். ஓசிடியில் நீர் உண்டா? பார்வை குறைந்திருக்கிறதா? இதில் ஒன்றிரண்டு இருந்தால் நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்தால் கண் புற்றுநோய் பார்க்கும் டாக்டரிடம் அனுப்புவதுதான் முறை.

நல்ல அறிகுறிகளும் உண்டு. மச்சத்தின் மேல் ட்ரூசன் என்ற மஞ்சள் புள்ளிகள் இருந்தால் அது பல வருடமாக அங்கேயே இருக்கிறது என்று பொருள்.

"இன்னொரு ஸ்கேன் எழுதிக் காசு பிடுங்குகிறார்கள்" என்ற எரிச்சல் புரிகிறது. எல்லா ஸ்கேன்களுக்கும் நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனால் மச்சத்தோடு நீர் சேர்ந்து வரும்போது பி-ஸ்கேனும் ஆட்டோஃப்ளோரசென்ஸும் இல்லாமல் நேராக லேசருக்குத் தேதி கொடுத்தால், அப்போதுதான் நீங்கள் கேள்வி கேட்க வேண்டும்.

நேராகவே கேட்கிறேன். இது கேன்சராக மாறுமா?

மிக அரிது. அமெரிக்க வெள்ளையர்களை வைத்துப் போட்ட கணக்கில், ஒரு வருடத்தில் எட்டாயிரம், ஒன்பதாயிரம் மச்சங்களில் ஒன்று மாறலாம் என்று வந்தது. கண் மெலனோமா வெளிர் நிறத்தவர்களிடம்தான் அதிகம். அவர்களிடமே வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஐந்து, ஆறு பேருக்குத்தான் வருகிறது. இந்தியர்களிடம் அதைவிடப் பல மடங்கு குறைவு. குறைவு என்பதால் கண்காணிப்பை விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை.

நீர் மச்சத்தால்தான் வந்தது என்று எப்படி நிச்சயமாகச் சொல்வது?

நல்ல கேள்வி. பல நேரம் மச்சம் சும்மா பக்கத்தில் இருக்கும், நீர் வேறு காரணத்தால் வந்திருக்கும். முப்பது முதல் ஐம்பது வயது ஆண்களிடம் சென்ட்ரல் சீரஸ் என்று ஒன்று உண்டு. மாக்குலாவுக்கு அடியில் நீர் கோத்து, பெரும்பாலும் சில மாதத்தில் தானாக வற்றும். ஸ்டீராய்டு இதற்கு முக்கியத் தூண்டுதல். மாத்திரை மட்டுமல்ல, ஆஸ்துமா இன்ஹேலர், மூட்டுவலிக்கு லேபிள் இல்லாமல் பொட்டலத்தில் தரும் பொடி, முகம் வெளுக்கத் தடவும் சில க்ரீம்கள் எல்லாவற்றிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி பக்கமிருந்து வரும் பையன்கள் "ஸ்கிரீன் பார்த்துதான் வந்ததா" என்றே கேட்பார்கள். ஸ்கிரீனால் இல்லை. தூக்கமின்மையும் மன அழுத்தமும் வேண்டுமானால் பங்கு வகிக்கும்.

நீர் எங்கிருந்து ஊறுகிறது என்று கண்டுபிடிக்கக் கையில் மஞ்சள் சாயம் ஏற்றி ஆஞ்சியோகிராம் எடுப்பார்கள். அன்றும் மறுநாளும் சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகும், தோலும் சற்று மஞ்சளாகத் தெரியலாம். பயப்பட வேண்டாம், மஞ்சள் காமாலை இல்லை.

லேசரில் எத்தனை வகை? எனக்கு எது?

பழைய முறை, சுடும் லேசர். பச்சை நிற ஒளி, 532 நானோமீட்டர். சாயப் படத்தில் கசியும் புள்ளி தெரிந்து, அது நடுப்பகுதியிலிருந்து தள்ளி இருந்தால், அந்த இடத்தில் சில புள்ளிகள் வைத்து அடைப்பார்கள். மலிவு, எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் வைத்த இடத்தில் தழும்பு விழும். அந்த அளவுக்குப் பார்வையில் ஒரு சிறு ஓட்டை நிரந்தரம். அதனால் நடுவில் வைக்கமாட்டார்கள்.

இந்த முறை பிறந்த கதை சுவாரசியமானது. 1945 சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்து விழித்திரை சுட்டுக்கொண்டவரைப் பரிசோதித்த மேயர்-ஷ்விக்கெராத் என்ற ஜெர்மன் டாக்டருக்கு, இதே சூட்டை வைத்தியமாக்கினால் என்ன என்று தோன்றியது. முதலில் சூரிய ஒளியையே கண்ணாடிகளால் திருப்பிப் பார்த்தார், பிறகு செனான் விளக்கு. 1960இல் லேசர் வந்த பிறகு கண்ணுக்குள் அது நுழைய அதிக நாள் ஆகவில்லை.

இரண்டாவது, பிடிடி. மச்சத்தால் வரும் நீருக்கு, குறிப்பாக நடுப்பகுதிக்குப் பக்கத்தில் என்றால், இப்போது அதிகம் பேசப்படுவது இதுதான். வெர்ட்டிபோர்ஃபின் என்ற மருந்தைக் கை நரம்பில் ஏற்றுவார்கள். அது ஒளி பட்டால்தான் வேலை செய்யும். பிறகு 689 நானோமீட்டர் சிவப்பு லேசரைக் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் அடிப்பார்கள். இந்த லேசர் சுடாது. அந்த இடத்து மருந்தைத் தூண்டி, ஒழுகும் குழாய்களை உள்ளிருந்து அடைக்கிறது. பலருக்கு நீர் வற்றுகிறது. சிலருக்கு மறுபடி செய்ய வேண்டிவரும், சிலருக்குப் பலனில்லை.

மூன்றாவது, மைக்ரோபல்ஸ். மஞ்சள் லேசரை நொடியின் சின்னச் சின்னத் துணுக்குகளாக விட்டு, சூடேறாமல் செல்களைத் தூண்டிவிடும் முறை. தழும்பு விழாது. மச்சத்துக்கு இதில் அனுபவம் குறைவு.

டிடிடி என்று இன்னொன்றும் காதில் விழலாம். 810 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியால் மெல்ல வெப்பமேற்றுவது. ஒரு காலத்தில் சிறிய மெலனோமாவுக்கே இதை மட்டும் செய்தார்கள். கட்டி திரும்ப வந்ததால் தனியாகச் செய்வது குறைந்துவிட்டது.

புது ரத்தக்குழாய் என்றால் லேசர் இல்லை, ஊசி என்கிறாரே?

சரியாகத்தான் சொல்கிறார். சிஎன்விக்கு இன்று முதல் வைத்தியம் கண்ணுக்குள் போடும் ஊசிதான்: பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபர்செப்ட். இந்தியாவிலேயே தயாராகும் ரானிபிசுமாப் 2015 முதல் கிடைப்பதால் செலவும் முன்பு மாதிரி இல்லை. ஒரு ஊசியோடு முடியாது. பொதுவாக மாதம் ஒன்றாகச் சில ஊசிகள் போட்டு, ஸ்கேன் பார்த்து மேற்கொண்டு முடிவு செய்வார்கள். ஊசிக்கு அடங்காவிட்டால் பிடிடியைச் சேர்ப்பதுண்டு. ஊசி என்றதும் முகம் மாறுகிறவர்களுக்கு: கண்ணை மரக்கச் செய்துதான் போடுவார்கள், பலரும் "அவ்வளவுதானா" என்றுதான் எழுந்திருப்பார்கள்.

என் மாமாவுக்குச் சுகர். அவருக்கும் கண்ணில் லேசர் போட்டார்கள். அதேதானா?

இல்லை. சுகருக்குப் போடுவது பெரும்பாலும் விழித்திரையின் ஓரம் முழுக்க, ஆயிரத்துக்கு மேற்பட்ட புள்ளிகள், சில தவணைகளில். சற்று வலிக்கும். மச்சத்து நீருக்கு ஒரு சிறு இடத்தில் மட்டும். மாமாவின் அனுபவத்தை வைத்துப் பயப்படவும் வேண்டாம், தைரியப்படவும் வேண்டாம்.

பிடிடி அன்று என்ன நடக்கும்?

முதலில் உயரமும் எடையும் பார்ப்பார்கள். மருந்தின் அளவு உடல் பரப்பைப் பொறுத்தது, சதுர மீட்டருக்கு 6 மி.கி. பாப்பா விரியச் சொட்டு போட்டு, அரை மணிக்கு மேல் உட்கார வைப்பார்கள். பிறகு பத்து நிமிடத்தில் மருந்து ஏறும். அப்போது கையில் எரிச்சலோ வீக்கமோ வந்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் தோல் புண்ணாகும், உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். சிலருக்கு இடுப்பு வலிக்கும், மருந்து நின்றதும் போய்விடும்.

மருந்து ஏறத் தொடங்கிய பதினைந்தாவது நிமிடம் லேசர். மரக்கும் சொட்டு விட்டு, தாடையைக் கருவியில் வைத்து, கண்ணில் ஒரு கான்டாக்ட் லென்ஸை ஜெல்லோடு பொருத்துவார்கள். வழக்கமான முறையில் 83 நொடி. உங்கள் டாக்டர் ஒளியின் அளவைப் பாதியாகக் குறைக்கவும் கூடும். அந்த நேரம் மட்டும் இருமாமல், பேசாமல், சொன்ன இடத்தையே பார்க்க வேண்டும். வலி இருக்காது.

முதல் வாரத்தில் பார்வை சற்று மங்கலாகத் தெரிவது உண்டு. திடீரென்று நன்றாகக் குறைந்தால் அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது.

வெயில் படக் கூடாதாமே? பெங்களூர் வெயில் என்ன பெரிய வெயில்!

மதுரை வெயிலோடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். இங்கே சூடு முக்கியமில்லை, ஒளிதான். மருந்து உடல் முழுக்க இருப்பதால் நேர்வெயில் பட்ட தோல் கொப்பளிக்கலாம். 48 மணி நேரம் என்று சில இடங்களில் சொல்வார்கள், ஐந்து நாள் என்று சில இடங்களில். நான் ஐந்து நாளையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். முழுக்கைச் சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடியோடு வாருங்கள். புடவை கட்டி வரும் அம்மாக்கள் கையையும் கழுத்தையும் மூட ஒரு துப்பட்டா எடுத்து வருவது நல்லது. திரும்பும்போது ஆட்டோ வேண்டாம், பக்கவாட்டில் வெயில் அடிக்கும். காராக இருந்தால் நல்லது, அதிலும் சாயங்காலமாக இருந்தால் இன்னும் நல்லது. சன்ஸ்கிரீன் இதற்கு உதவாது. அது தடுப்பது புற ஊதாக் கதிரை, இந்த மருந்தோ கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கே வேலை செய்யும்.

அதற்காக வீட்டில் ஜன்னலையெல்லாம் மூடி இருட்டில் கிடக்காதீர்கள். சாதாரண அறை வெளிச்சம் தோலிலுள்ள மருந்தை மெல்லச் செயலிழக்கச் செய்யும், அது தேவை. பல் டாக்டரின் விளக்கு, ஹாலஜன் விளக்கு போன்ற பலமான வெளிச்சம்தான் ஆகாது.

யாருக்குப் பிடிடி ஆகாது?

போர்ஃபிரியா என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்குக் கூடவே கூடாது. கல்லீரல் கோளாறு இருந்தால் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாயப் படத்துக்கும் கண் ஊசிக்கும் முன்பும் கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் இப்படிச் சொல்ல வேண்டும்.

பெங்களூரில் எங்கே போவது? செலவு எப்படி?

அரசு மருத்துவமனை என்றால் கே.ஆர். மார்க்கெட் பக்கம் மின்டோ. தனியார் என்றால் ராஜாஜிநகர் நாராயண நேத்ராலயா மாதிரி பெரிய ரெட்டினா பிரிவு உள்ள இடங்கள். எங்கே போனாலும் முதலில் போன் போட்டு "பிடிடி இருக்கிறதா, மருந்து கையில் இருக்கிறதா" என்று கேளுங்கள். ஊசிகள் வந்த பிறகு பிடிடி கருவியின் உபயோகம் குறைந்துவிட்டது. போதாக்குறைக்கு வெர்ட்டிபோர்ஃபினுக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடும் வந்திருக்கிறது. மருந்துக் குப்பியின் விலையே செலவில் பெரும்பங்கு.

காப்பீடு இருந்தால், அட்மிட் ஆகாமல் அன்றே வீட்டுக்கு அனுப்பும் சிகிச்சை என்பதைச் சொல்லி எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பீன்யா, பொம்மனஹள்ளி கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் பலருக்கு இஎஸ்ஐ உண்டு. அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு வருவது நல்லது. ஓசூரிலிருந்து தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு வருகிறவர்கள், அது இங்கே செல்லுமா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒருவேளை மெலனோமா என்றால்?

அப்போது லேசர் முதல் வைத்தியமல்ல. கட்டிக்கு நேர் வெளியே கண்ணின் சுவரில் கதிரியக்கத் தகட்டைத் தைத்து, சில நாளில் எடுத்துவிடும் பிளேக் சிகிச்சை இருக்கிறது. ருத்தீனியம்-106 தகடுகளை பாபா அணு ஆராய்ச்சி மையம் இங்கேயே தயாரிக்கிறது. நடுத்தர அளவுக் கட்டிகளில் கண்ணை எடுத்தவர்களும் தகடு வைத்தவர்களும் ஒரே அளவு ஆயுளோடு இருந்தார்கள் என்று அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2001இல் காட்டியது. ஆகவே "கண்ணை எடுத்துவிடுவார்கள்" என்று பயந்து வராமல் இருக்காதீர்கள்.

நீர் வற்றிவிட்டது, எழுத்து தெளிவாகத் தெரிகிறது. இனி வர வேண்டாமே?

வர வேண்டும். லேசர் போட்ட கண்ணுக்குக் கண்காணிப்பு கூடுதலாகவே தேவை. நீர் எச்சரிக்கை மணியாக இருந்தது, அதை நாமே நிறுத்திவிட்டோம். இனித் தடிப்பும் அகலமும்தான் பேசும். அதற்குப் பழைய படம் வேண்டும். ஊர் மாறும்போது தொலைந்துபோவது இந்தப் படங்கள்தான். அச்சிட்ட தாள் ஒப்பிட உதவாது. பென்டிரைவில் கேட்டு வாங்கி, மகன், மகள் போனிலும் ஒரு பிரதி வைத்திருங்கள்.

விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால் விட்டால் நீர் இறங்குமா?

இறங்காது. கண்ணின் முன்பக்கத்தில் விடுவது பின்சுவரை எட்டாது. கிருமித்தொற்று வேண்டுமானால் வரும்.

வீட்டில் எப்படிக் கவனிப்பது?

ஆம்ஸ்லர் என்ற கட்டம் போட்ட தாள் தருவோம். அது தொலைந்தால் குளியலறை டைல்ஸ் கோடும் ஜன்னல் கம்பியும் போதும். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கண்ணைக் கையால் மூடுங்கள், மற்றதால் பாருங்கள், பிறகு மாற்றுங்கள். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்த்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும், எத்தனையோ பேர் தாமதமாக வருவதற்கு இதுதான் காரணம். வாரம் ஒருமுறை போதும்.

கோடு புதிதாக வளைந்தால், நடுவில் கறுப்போ சாம்பலோ தெரிந்தால், இரண்டு மூன்று நாளுக்குள் வாருங்கள். ஓரத்திலிருந்து திரை இறங்குகிற மாதிரி இருந்தாலோ, திடீரென்று மின்னலும் மிதக்கும் புள்ளிகளும் கூடினாலோ அன்றைக்கே வாருங்கள். கன்னடமோ ஆங்கிலமோ சரளமாக வராதே என்று யோசிக்க வேண்டாம், ரிசப்ஷனில் தமிழ் தெரிந்தவர் யார் என்று கேளுங்கள். இந்த ஊரில் ஒருவராவது இருப்பார். சொட்டு போட்டபின் நான்கைந்து மணி நேரம் வண்டி ஓட்ட முடியாது, கூட ஒருவரை அழைத்து வாருங்கள்.